பம்புசெட் என்ஜின் இரைச்சல்: அண்டை வீட்டார் தூங்க, எதை எந்த வரிசையில் பார்ப்பது

மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12-ஐத் தாண்டித் தள்ளிப்போனால் குறுவை நெல் நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்ட் (நுனியில் வலை வைத்து இறக்கிய ஆழமில்லாத குழாய்க்கிணறு)தான் கதி. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தாளடி (குறுவைக்கு அடுத்த நெற்பயிர்) மூழ்கினால் தண்ணீரை வடிகாலுக்கு இறைத்தாக வேண்டும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் இரண்டுக்கும் டீசல் என்ஜின்தான், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். டெல்டா ஊர்களில் ஆற்றங்கரையை ஒட்டித் தெரு நீளவாக்கில் போகும். கொல்லைக்கடைசியில் ஓடும் ஒரு என்ஜின் ஏழெட்டு வீட்டுக் கொல்லைக்கதவுகளுக்கு நேரே இருக்கும். தெருவில் வருகிற சண்டையில் பாதி இதில் தொடங்குவது.

இந்த வழிமுறை 5 முதல் 8 ஹெச்.பி. வரையுள்ள, தண்ணீரில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினுக்கானது. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுவது, பெல்ட்டிலோ நேரடி கப்ளிங்கிலோ பம்பை இழுப்பது. கையில் தூக்கிப்போகும் சின்னப் பெட்ரோல் பம்புக்குக் கடைசிக்கு முன்னால் ஒரு பகுதி உண்டு.

ஸ்பானர் எடுப்பதற்கு முன்

என்ஜினை ஓடவிட்டு, பக்கத்து வீட்டுக் கொல்லைக்கதவருகே போய் நின்று கேளுங்கள். என்ஜினுக்குப் பக்கத்தில் நிற்கும்போது டாப்பெட் (வால்வைத் திறக்கும் உறுப்பு) சத்தமும் பெல்ட் சத்தமும்தான் காதை நிறைக்கும். அவை சில்லறைச் சத்தங்கள், முப்பது மீட்டர் போவதற்குள் அடங்கிவிடும். தூரம் போவது புகைக்குழாயின் தடித்த "டம் டம்". என்ஜின் ஓரமாக நின்று காது சொன்னபடி செலவு செய்தால் பணம் போகும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

அங்கே நின்று மூன்று கேள்விக்குப் பதில் எடுங்கள். தடித்த இடியா, மெல்லிய தட்டலா? காதில் கேட்கிறதா, தரையிலும் ஜன்னலிலும் அதிர்வாகத் தெரிகிறதா? பம்பு தண்ணீர் தள்ளும்போது மட்டுமா, சுமை இல்லாதபோதுமா? கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி இருந்தால் அதே இடத்தில் வைத்து ஓர் அளவு குறித்துக்கொள்ளுங்கள். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், வேலைக்கு முன் பின் ஒப்பிட மட்டும் உதவும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. கொல்லைக்கடைசி என்ஜின் 45-க்கு இறங்குவது லேசில்லை. ஆனால் கீழே உள்ளவற்றைச் செய்தால், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற அளவுக்குக் கொண்டுவரலாம்.

## அறிகுறி 1: தூரத்தில் "டம் டம்" என்று இடிக்கிறது, கிட்டே போனால் அவ்வளவாக இல்லை

இது புகைக்குழாய் வேலை. புகார் வருவதில் பெரும்பகுதி இதுதான் என்பதால் இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

கசிவு. என்ஜின் ஆறியபின் சைலன்சர் ஹெட்டோடு (சிலிண்டரின் மேல்மூடி) சேரும் இடத்தைப் பாருங்கள். நட்டைச் சுற்றியோ பேக்கிங் ஓரத்திலோ கறுப்புக் கரிக்கோடு இருந்தால் அங்கே புகை பீறிடுகிறது. நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பேக்கிங்கை மாற்றுங்கள். என்ஜின் உதிரிபாகக் கடையில் சைலன்சர் பேக்கிங் என்று கேட்டால் சூடு தாங்குவதைக் கொடுப்பார்கள். சைக்கிள் டியூபையும் அட்டையையும் வெட்டி வைக்கிற பழக்கம் உண்டு. அவை அன்றைக்கே கருகிவிடும்.

பேக்கிங் மாற்றியும் கசிந்தால் இரண்டு முகங்களில் ஒன்று வளைந்திருக்கிறது. சைலன்சர் பக்கத்து முகத்தைக் கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் லேத் பட்டறையில் முகத்தை லேசாகக் கடைந்து சமமாக்கினால் போதும்.

ஓட்டை. சைலன்சர் எப்போதும் அடியிலிருந்துதான் துருப்பிடிக்கும். புகையில் வரும் நீராவி ஆறித் தண்ணீராகி அங்கே தேங்குவதே காரணம். ஆறியபின் ஒரு சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று கேட்டால் அங்கே தகடு போய்விட்டது. சுண்டுவிரல் அளவு ஓட்டைக்குப் பட்டறையில் ஒரு ஒட்டு வெல்டிங் போதும். உள்ளங்கை அளவு போயிருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், சுற்றியுள்ள தகடும் காகிதமாகத்தான் இருக்கும். புதிதாக மாற்றினால் அடியில் மூன்று மி.மீ. துளை ஒன்று போடச் சொல்லுங்கள். தண்ணீர் இறங்கும், சத்தத்தில் வித்தியாசம் வராது.

உள்ளே உதிர்ந்தது. இடியோடு தகர டப்பாவைக் குலுக்கும் சத்தமும் வந்தால் சைலன்சரின் உள்தகடு கழன்றிருக்கிறது. கழற்றிக் குலுக்கினால் தெரிந்துவிடும். இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, மாற்றுவதுதான்.

மழைமூடி. மேல்நோக்கிய குழாயின் வாயில் தொங்கும் தகரமூடி நொடிக்குப் பன்னிரண்டு தடவை எழுந்து விழும். மெல்லிய "கிணிங் கிணிங்" அதுதான். மூடியை எடுத்துவிட்டு, வாய் கிடைமட்டமாகத் திரும்பும்படி ஒரு வளைவை வையுங்கள்.

வாய் பார்க்கும் திசை. காசில்லாத வேலை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. குழாயின் வாய் வீடுகளைப் பார்க்காமல் வயலைப் பார்க்கட்டும். வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை, காய்ந்த தென்னை மட்டை எதுவும் எதிரே இருக்கக் கூடாது. கரி படிந்த சைலன்சர் தீப்பொறி கக்கும்.

கூடுதல் சைலன்சர். இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் இடித்தால், இருக்கும் சைலன்சருக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு பெரிய அறை வைக்கலாம். என்ஜின் சிலிண்டர் கொள்ளளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு வேண்டும். 550 சி.சி. என்ஜினுக்கு ஐந்தரை லிட்டர், இடம் இருந்தால் பத்து லிட்டர் வைத்தாலும் நல்லதே. தகடு இரண்டு மி.மீ. கனமாக இருக்கட்டும். மெல்லிய பெயிண்ட் டப்பாவில் செய்தால் அந்த டப்பாவே முழங்கும். உள்ளே நுழையும் குழாயும் வெளியேறும் குழாயும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. நேராக இருந்தால் சத்தம் ஒரு கதவில் வந்து மறு கதவில் போய்விடும்.

குழாயை நீட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மீட்டர் வரை அதே அளவுக் குழாய் போதும், அதற்கு மேல் ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். முழங்கை வளைவுகளைக் குறையுங்கள். குழாயின் எடை ஹெட்டில் தொங்காமல் தனியாக ஒரு கால் நட்டுத் தாங்குங்கள். நீட்டியபின் கறுப்புப் புகை கூடி, தண்ணீர் குறைந்தால் புகை வெளியேற வழி போதவில்லை என்று பொருள்.

குழிக்குள் விடுவது. கோடையில் இதைவிட மலிவான வழி இல்லை. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம் வெட்டி, உடைத்த செங்கல் ஜல்லியால் நிரப்பி, குழாயின் வாயைக் குழியின் நடுவில் விட்டு, மேலே பலகைக்கல்லை நான்கு செங்கலின் மேல் தூக்கி வையுங்கள். ஜல்லி எலுமிச்சை அளவுக்குக் குறையக் கூடாது. பொடிக்கல் போட்டால் புகை வெளியேறாது. ஆனால் டெல்டாக் களிமண்ணில் மழை தொடங்கினால் இந்தக் குழி கிணறாகிவிடும். குழாயின் வாய் தண்ணீரில் முங்கினால் தண்ணீர் குழாய் வழியே ஏறி சிலிண்டருக்குள் போகக்கூடும். தெரியாமல் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். புரட்டாசியோடு குழாயை மேலே தூக்கிவிடுங்கள்.

## அறிகுறி 2: என்ஜின் மொத்தமாகவே கத்துகிறது, போன வருஷம் இப்படி இல்லை

முதல் சந்தேகம் வேகம். தண்ணீர் கொஞ்சம் கூட வரட்டும் என்று யாரோ கவர்னர் (என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு) ஸ்பிரிங்கைத் திருகி வைத்திருப்பார்கள். 1500-க்குப் பதில் 1700-ல் ஓடும் பம்பு இழுக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. கிடைக்கும் தண்ணீரோ 13 சதம்தான் கூடுதல். மீதி டீசலாகவும் சத்தமாகவும் போகிறது.

வேகம் பார்ப்பது. டாக்கோமீட்டர் இருந்தால் ஃப்ளைவீலில் ஒட்டுத்தாள் ஒட்டிப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் பெல்ட்டின் மூட்டே அளவுகோல். பெல்ட் மொத்த நீளம் 8 மீட்டர், என்ஜின் புல்லியின் குறுக்களவு 25 செ.மீ. என்று வையுங்கள். புல்லியின் சுற்றளவு 0.785 மீட்டர். 1500 சுற்றுக்கு பெல்ட் நிமிடத்தில் 1178 மீட்டர் ஓடும், அதாவது மூட்டு 147 தடவை வந்து போகும். மூட்டில் சுண்ணாம்பு தடவி, கைப்பேசியில் ஸ்லோமோஷன் படம் எடுத்து, நிஜத்தில் இருபது நொடி ஓடியதற்கு எண்ணுங்கள். 49 வந்தால் சரியான வேகம், 55 என்றால் 1700-ஐ நெருங்கிவிட்டது. உங்கள் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் ஏற்றபடி கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பெல்ட் வழுக்கினால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும்.

குறைப்பது. கவர்னர் ஸ்பிரிங் ஸ்க்ரூவின் பூட்டு நட்டைத் தளர்த்தி, அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். வயலில் தேங்கியதை ஓரடி இரண்டடி மட்டும் தூக்கி வடிகாலில் கொட்டும் வேலைக்கு 1500-கூட வேண்டியதில்லை. 1300-க்கு இறக்கினால் தண்ணீர் 13 சதம் குறையும், பம்பு கேட்கும் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓட வேண்டியது ஒன்பதே கால் மணி நேரம் ஓடும், ஆனால் தெரு தூங்கும். ஆழத்திலிருந்து இழுக்கும் ஃபில்டர் பாயிண்டில் இந்த வித்தை செல்லாது. வேகம் குறைந்தால் தூக்கும் உயரமும் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும், தண்ணீரே ஏறாமல் போகலாம்.

வேகம் ஏறி இறங்கி அலைகிறது என்றால் அது கவர்னர் லிங்க் இறுகியிருப்பது அல்லது டீசல் லைனில் காற்று. டேங்கில் டீசல் அளவு, ஃபில்டர், காற்று எடுக்கும் ஸ்க்ரூ, இந்த வரிசையில் பாருங்கள். லிங்க் மூட்டில் தேய்மானம் இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். நிறுத்து நெம்புகோல் போட்டும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

இன்னொரு காரணம்: காற்று வடிகட்டி இல்லாமல் ஓடுவது. எண்ணெய்த் தொட்டி உள்ள வடிகட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டும் என்ஜின்கள் நிறைய. வடிகட்டி புழுதியைத் தடுப்பதோடு உறிஞ்சும் சத்தத்தையும் விழுங்குகிறது. திரும்ப மாட்டி, குறியிட்ட கோடு வரை எண்ணெய் ஊற்றுங்கள்.

## அறிகுறி 3: ஹெட்டுக்கு மேல் "டிக் டிக் டிக்"

டாப்பெட் இடைவெளி. தானே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலைதான், ஃபீலர் கேஜ் ஒன்று வேண்டும்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றி, டீகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். உறிஞ்சும் வால்வு இறங்கி ஏறி மூடியபின், ஃப்ளைவீலின் டி.சி. குறி (பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டுவது) நேருக்கு வரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். அங்கே நெம்புகோலைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு புஷ் ராடும் விரலால் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் சரியான இடம். இல்லாவிட்டால் இன்னொரு முழுச்சுற்று. நெம்புகோலைத் தூக்கியபடியே அளந்தால் அது பிடித்திருக்கும் வால்வில் அளவு தப்பும்.

இடைவெளி எவ்வளவு என்பதை என்ஜினின் புத்தகத்தில் பாருங்கள். இந்த ரக என்ஜின்களில் பெரும்பாலும் ஆறிய நிலையில் 0.15 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்கும். கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். பூட்டு நட்டை முடுக்கியபின் இன்னொரு தடவை அளங்கள், முடுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடுவது வழக்கம். சத்தமே வரக் கூடாது என்று இடைவெளியை அறவே எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. சூட்டில் வால்வு மூடாமல் நின்று சீட் கருகும், பிறகு ஹெட்டையே இறக்க வேண்டியதாகும். லேசான டிக் டிக் கேட்கட்டும், அது பக்கத்து வீடு வரை போகாது.

சரிசெய்து ஒரே வாரத்தில் திரும்பத் தளர்ந்தால் ராக்கர் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது புஷ் ராடு வளைந்திருக்கிறது. இரண்டும் மாற்றும் சாமான், விலை அதிகமில்லை.

## அறிகுறி 4: கல்லால் இரும்பை அடிப்பதுபோல் "கட் கட்", சுமை ஏறினால் கூடுகிறது

முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். என்ஜின் ஓடும்போது டீசலை நிறுத்தும் நெம்புகோலைப் போட்டு, ஃப்ளைவீல் தானே சுற்றித் தளரும் அந்தச் சில நொடிகள் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

*டீசல் நின்றதும் அடியும் நின்றது:* எரிவதில்தான் கோளாறு, கீழே படியுங்கள்.

*டீசல் நின்றபின்னும் அடிக்கிறது:* இரும்பில் கோளாறு. அறிகுறி 5-க்குப் போங்கள்.

எரிவதில் உள்ள கோளாறில் முதல் சந்தேகம் டீசல். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இப்படித்தான் அடிக்கும். டேங்கை வடித்துவிட்டு, நம்பிக்கையான பங்கில் வாங்கி ஊற்றி அரைமணி ஓட்டிப் பாருங்கள். அடுத்தது நாசில், அதாவது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை. சொட்டும் நாசிலின் அடையாளம்: காலையில் முதல் ஐந்து நிமிடம் வெள்ளைப்புகையோடு கடுமையாக அடிக்கும், பிறகு கறுப்புப்புகை, டீசல் செலவு கூடும். நாசிலைக் கழற்றி பம்பு நாசில் பட்டறையில் கொடுத்தால் மெஷினில் வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். சுமார் 200 பாரில் திறந்து, புகைபோல் தூவி, சொட்டாமல் மூட வேண்டும். கழற்றிய நாசிலை என்ஜினிலேயே மாட்டித் தூவலைப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலில் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும் நிலை வரலாம். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

நாசில் சரியென்றால் டைமிங். எஃப்.ஐ. பம்புக்கு (நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்பு) அடியில் உள்ள ஷிம்மை (மெல்லிய தகடு) எடுத்தால் டீசல் முந்திப் பாயும், அடி கூடும். சேர்த்தால் பிந்தும், அடி குறையும், ஆனால் புகையும் சூடும் ஏறும். அண்மையில் யாராவது பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் ஷிம் தொலைந்திருக்க நிறைய வாய்ப்பு. டைமிங் வைப்பதை மெக்கானிக்கிடம் விடுங்கள். சத்தம் அடங்கும் வரை ஷிம் சேர்த்துக்கொண்டே போவது வைத்தியம் ஆகாது.

## அறிகுறி 5: அடிவயிற்றிலிருந்து "தொம் தொம்"

நிறுத்துங்கள். இந்த அறிகுறிக்கு வேறு முதல்படி கிடையாது.

ஆயில் குச்சியைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால், அல்லது டீசல் வாடையடித்துத் தண்ணீராக இருந்தால், பேரிங் அடிபட்டிருக்கலாம். பிறகு ஃப்ளைவீலை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். கிராங்க் நகராமல் ஃப்ளைவீல் மட்டும் துளி நகர்ந்தால் சாவி (ஃப்ளைவீலைத் தண்டோடு பிணைக்கும் இரும்பு ஆப்பு) தளர்ந்திருக்கிறது. இது தளர்ந்தாலும் பெரிய பேரிங் போனதுபோலவே சத்தம் வரும். பேரிங் என்று சொல்லி என்ஜினைப் பிரிக்க வைக்கும் முன் சாவியைப் பார்த்துவிடுவது பல ஆயிரம் ரூபாய் மிச்சம். ஆனால் தளர்ந்த சாவியைச் சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளிவிட்டு ஓட்டாதீர்கள். பள்ளம் தேய்ந்திருந்தால் திரும்பக் கழலும், அத்தனை எடையுள்ள சக்கரம் ஓடும்போது கழன்றால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. புதுச் சாவி பொருத்துவது பட்டறை வேலை.

ஃப்ளைவீல் இறுக்கமாக இருந்தால் கனெக்டிங் ராடு பேரிங், மெயின் பேரிங், பிஸ்டன் பின் என்று வரிசையாகச் செலவு ஏறும். எல்லாமே மெக்கானிக்கின் வேலை. இந்தத் தண்ணீர் முறை முடியட்டும் என்று ஓட்டினால் ராடு உடைந்து கேஸைக் கிழித்து வெளியே வரும்.

## அறிகுறி 6: பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியும் பாத்திரமும் அதிர்கின்றன

சத்தம் காற்றில் போகவில்லை, மண்ணில் போகிறது. ஈரக் களிமண் அதிர்வை நன்றாகவே கடத்தும்.

அஸ்திவார போல்ட்டை முடுக்குங்கள். நான்கில் ஒன்று தளர்ந்தாலே என்ஜின் துள்ளும். மரச்சட்டத்தில் ஏற்றி வயலுக்கு வயல் கொண்டுபோகும் என்ஜினானால், மழைக்குப் பின் சட்டத்தின் ஒரு கால் சேற்றில் இறங்கியிருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கீழே செங்கல் பரப்பிச் சமமாக்குங்கள்.

பிறகு அதிர்வைத் துண்டிப்பது. பழைய லாரி டயரின் மேல்பட்டையை ஒரு சாண் சதுரமாக வெட்டி, சட்டத்தின் நான்கு மூலைக்கும் கீழே இரண்டிரண்டு அடுக்கு வையுங்கள். கம்பி உள்ள டயரும் ஆகும். சட்டம் நழுவாமல் நான்கு பக்கமும் முளை அடியுங்கள், ஆனால் முளை சட்டத்தை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பெல்ட் ஓட்டத்தில் ரப்பர் வைத்தால் என்ஜின் பம்பு பக்கம் இழுபடும், அந்தப் பக்க முளை மட்டும் பலமாக இருக்கட்டும். என்ஜினும் பம்பும் நேரடி கப்ளிங்கில் இருந்தால் இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். என்ஜினை மட்டும் ரப்பரில் தூக்கினால் கப்ளிங் உடையும்.

சிமெண்ட் மேடையில் இருக்கும் என்ஜினுக்கு: மேடை வீட்டுச் சுவரோடோ மதிலோடோ ஒட்டியிருந்தால் அதிர்வு போகும் வழி அதுதான். நடுவில் ஒரு கை அகலம் வெட்டி எடுத்து மணல் நிரப்புங்கள். மேடையே விரிசல் விட்டிருந்தால் புதிதாகப் போடுவதுதான், எடையில் என்ஜினைப்போல் மூன்று மடங்காவது வரட்டும்.

## அறிகுறி 7: "பட் பட்" என்று சீராக அறைகிறது

பெல்ட் மூட்டு. கிளிப்பு மூட்டு புல்லியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அறையும். கிளிப்பின் நுனி வெளியே துருத்தியிருந்தால் அடித்து மடக்குங்கள். ராத்திரி ஓட்டமே அதிகம் என்றால் மூட்டில்லாத வி-பெல்ட்டுக்கு மாறுவது நல்லது, புல்லி இரண்டையும் மாற்றும் செலவு உண்டு. பெல்ட் தொங்கி ஆடினால் என்ஜினைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். கீச்சென்று கத்தினால் வழுக்குகிறது, குங்கிலியத்தைக் கொட்டிக்கொண்டே இருக்காமல் இழுப்பைச் சரிசெய்யுங்கள்.

## அறிகுறி 8: பம்புக்குள் கூழாங்கல் உருளும் சத்தம்

கல் எதுவும் போகவில்லை. பம்பு உறிஞ்சத் தண்ணீர் போதவில்லை. சித்திரை வைகாசியில் நிலத்தடி நீர் இறங்கும்போது இது வரும்.

1. வாய்க்காலில் இறைப்பதானால் ஃபூட்வால்வை (உறிஞ்சும் குழாயின் அடிவால்வு) தூக்கிப் பாருங்கள். ஆகாயத்தாமரை வேர், பிளாஸ்டிக் பை, வைக்கோல் சுற்றியிருக்கும். ஃபூட்வால்வ் தண்ணீரில் இரண்டடியாவது முங்கியிருக்க வேண்டும்.
2. உறிஞ்சும் பக்கத்து மூட்டுகளில் காற்று இழுக்கிறதா? ஒவ்வொரு மூட்டிலும் குழைத்த களிமண்ணைப் பூசிக்கொண்டே போங்கள். எந்த மூட்டில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. சாணிக்கரைசல் ஊற்றி ஓட்டுவது அன்றைய தினத்துக்கு ஆகும், மறுநாள் பேக்கிங்கை மாற்றுங்கள்.
3. கிளாண்ட் (பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் கயிறு திணித்த அடைப்பு) சொட்டுகிறதா? நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது சொட்டு சொட்ட வேண்டும். ஒன்றுமே சொட்டாவிட்டால் காற்று போகிறது, அல்லது கயிறு இறுகி தண்டைத் தின்கிறது.
4. தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பு வரை உயரம் ஆறு ஏழு மீட்டரைத் தாண்டிவிட்டதா? பம்பைக் குழிக்குள் இறக்குவதுதான் வழி. குழிக்குள் பம்பை மட்டும் இறக்குங்கள், என்ஜின் மேலேயே இருக்கட்டும். என்ஜின் புகை குழியில் தேங்கினால் இறங்குகிறவர் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார்.
5. இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் ஃபில்டர் பாயிண்டின் வலை அடைத்திருக்கிறது. கம்ப்ரசர் வைத்து ஊதும் போர்க்காரரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

நிறுத்தும்போது மட்டும் "டொம்" என்று ஒரு இடி வந்தால் ஏற்றிய தண்ணீர் திரும்பி வந்து வால்வை அடிக்கிறது. என்ஜினைச் சட்டென்று நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, கேட் வால்வு இருந்தால் அதைப் பாதிக்கு மேல் மூடியபின் நிறுத்துங்கள்.

## கையில் தூக்கும் பெட்ரோல் பம்பு

இவை 3000-லிருந்து 3600 சுற்றில் ஓடுபவை, சத்தம் மெல்லியது, கூர்மையானது. பயன்: சுவர் வைத்தால் எளிதில் அடங்கும். பார்க்க வேண்டியவை சைலன்சர் நட்டு, சைலன்சர் வாயிலுள்ள தீப்பொறி வலை, நான்கு ரப்பர் கால்கள். கால் ரப்பர் போய் சிமெண்ட் தரையில் நேராக நிற்கும் பம்பு இரு மடங்கு கத்தும். ஆக்சிலரேட்டரை முழுக்க ஏற்றாமல் முக்கால் அளவில் ஓட்டிப் பாருங்கள், பல வேலைகளுக்குப் போதும்.

## என்ஜினில் குறையே இல்லை, இன்னும் கேட்கிறது

இனி மறைப்பு, தூரம், நேரம்.

மறைப்பு. கீற்று, சாக்கு, நெட்லான் வலை எதுவும் சத்தத்தைத் தடுக்காது. எடை வேண்டும். உரச்சாக்கில் மண் நிரப்பி, இரண்டு சாக்கு கனத்தில் ஆளுயரம் அடுக்குங்கள். என்ஜினிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள், வீடுகள் இருக்கும் பக்கம், ஒரு முனை மடங்கி "ட" வடிவில் வரட்டும். பக்கத்து வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தால் என்ஜினும் சைலன்சர் வாயும் கண்ணில் படக் கூடாது, அதுதான் உயரத்துக்கு அளவு. இடைவெளி விட்டால் போட்ட உழைப்பு வீண். ஒழுங்காக அடுக்கியது ஐந்து முதல் பத்து டெசிபல் வரை குறைக்கும். வைக்கோல் கட்டுகளை அடுக்கலாமே என்று தோன்றும், சைலன்சர் பக்கத்தில் அது வேண்டாத விபரீதம்.

கொட்டகை. தகரக் கொட்டகை சத்தத்தைக் கூட்டும். செங்கல் கொட்டகை நல்லது, கதவும் ஜன்னலும் வயல் பக்கம் திறக்க வேண்டும். புகைக்குழாய் கட்டாயம் சுவருக்கு வெளியே. முழுக்க அடைத்துவிட்டு ஓட்டினால் என்ஜின் சூடேறும், உள்ளே போகிறவருக்குப் புகை ஆபத்து. வீட்டோடு ஒட்டிய அறையில் என்ஜின் வைக்கவே வைக்காதீர்கள்.

தூரம். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் ஆறு டெசிபல் குறையும். 15 மீட்டரில் இருப்பதை 30-க்குக் கொண்டுபோனால் காதுக்கு நன்றாகத் தெரியும். ஃபில்டர் பாயிண்டில் என்ஜினை நகர்த்த வழியில்லை, உறிஞ்சும் குழாயை நீட்டினால் அறிகுறி 8 வந்து சேரும். ஆனால் மழைநீர் வடிக்கிறபோது வயலின் எந்த மூலையிலிருந்து இறைப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. வீட்டுப்பக்க மூலை பள்ளமாக இருந்தால் வரப்போரம் ஒரு கொத்து ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து மறுமூலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே என்ஜினை வையுங்கள். தள்ளும் குழாயை நீட்டலாம், நீட்ட நீட்டத் தண்ணீரின் வேகம் விழும்.

நேரம். நாற்றங்காலுக்கும் நடவுக்கும் ராத்திரியே இறைத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தோடு சேர்த்து மாலை ஆறிலிருந்து பத்துக்குள் முடியுமா பாருங்கள். மார்கழி விடியலில் பனி இறங்கியிருக்கும்போது சத்தம் வழக்கத்தைவிடத் தூரம் போகும், அந்த நேரத்தைத் தவிர்த்தாலே பாதிப் புகார் குறையும். வெள்ளத்தில் பயிர் முங்கிக் கிடக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் செல்லாதுதான். அன்றைக்குச் சாயங்காலமே நான்கு வீட்டுக் கதவையும் தட்டி, "இன்னிக்கு ராத்திரி இறைக்கணும்ண்ணே, விடியறதுக்குள்ள நிறுத்திடுறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் நிறுத்துங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடுகிறபோது "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். டீசலை நிறுத்தியபின்னும் அடிக்கிறதா, சுமையில் கூடுகிறதா, புகை என்ன நிறம், கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது, யார் எதைக் கழற்றி மாட்டினார்கள், இந்த ஐந்தையும் போனிலேயே சொல்லிவிட்டால் அவர் வேண்டிய சாமானை எடுத்துக்கொண்டு ஒரே நடையில் வருவார்.